என் மனைவியின் வயலில் விளைந்த உப்பு

உப்பு விளைந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்த உப்பளக்காரன் மரக்காணம் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆடி மாதக் கடைசி. காலை ஏழு மணி இருக்கும். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், கண்ணெதிரே ஒரு ஏக்கர் முழுக்க வெள்ளை. காலை வெயில் பட்டு மினுங்குகிறது. நடுவில் பாலாடை மாதிரி மெல்லிசாக, வரப்போரத்தில் பொடிப்பொடியாகக் கட்டத் தொடங்கி, அள்ளு அள்ளு என்று கூப்பிடுகிறது.

முதல் நொடியில், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. “அடேயப்பா, எப்படிப் பூத்திருக்குது பாரு!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். முப்பது வருஷப் பழக்கம். கை தானாக உப்பு வாரும் பலகையைத் தேடியது.

இரண்டாவது நொடியில்தான் புத்தி வந்தது. என் உப்பளம் வரப்புக்கு அந்தப் பக்கம். நான் நிற்பது என் மனைவி அஞ்சலாட்சியின் நெல் வயல்.

மூன்றாவது நொடியில் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அஞ்சலாட்சி பத்து மணி பஸ்ஸில் வருகிறாள்.

மழைக்கு இரண்டு வீடு

இந்த வெள்ளை எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன்னால், உப்பளக்காரன் கையில் நெல் வயல் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சென்ற வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்ட மாதிரி, “ஐயா, எங்கே ஆரம்பித்தீர்கள், எங்கே போனீர்கள்?” என்று கடிதம் போடுவீர்கள்.

என் மாமனார் பக்கத்தில் இருக்கும் பிரம்மதேசம் என்ற ஊர்க்காரர். ஊரில் இருந்த நிலம் போதாமல், விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று எங்கள் உப்பளத்தை ஒட்டி மூன்று ஏக்கர் வாங்கினார். அது ஏன் மலிவாகக் கிடைத்தது என்று அவர் யோசிக்கவில்லை. விற்றவரும் சொல்லவில்லை.

அதிலிருந்து அவருக்கும் என் அப்பாவுக்கும் வருஷத்துக்கு இரண்டு சண்டை. கார்த்திகையில் என் அப்பா கத்துவார்: “உன் வயல் தண்ணி என் பாத்தியில பூந்து தரையையே கரைக்குதுய்யா!” பங்குனியில் மாமனார் கத்துவார்: “உன் உப்புத் தண்ணி ஊறி ஊறி என் மண்ணையே சாவடிக்குதுய்யா!” பஞ்சாயத்துப் பேசிப் பேசிக் களைத்துப்போன ஊர்ப் பெரியவர் ஒருவர் கடைசியில், “ரெண்டு பேரும் சம்பந்தி ஆயிடுங்க. அப்புறம் யாரு மேல யாரு பிராது குடுப்பீங்கன்னு பார்க்குறேன்” என்றார். அவர் கிண்டலாகச் சொன்னது. இவர்கள் நிஜமாக எடுத்துக்கொண்டார்கள். ஆக, நான் ஒரு வரப்புத் தகராறின் சமரச ஒப்பந்தம்.

கல்யாணம் சித்திரையில். முகூர்த்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு கோடை மழை வந்து கொட்டியது. பெண் வீட்டார் எல்லோரும் பந்தலுக்கு வெளியே கையை நீட்டி நீட்டிச் சிரித்தார்கள். எங்கள் வீட்டார் எல்லோரும் உப்புக் குவியலை மூட ஓடிவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் ஆல்பத்தில், தாலி கட்டும் போட்டோவில், பெண் வீட்டுப் பக்கம் நாற்பது தலை தெரியும். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நாற்காலிகள் தெரியும்.

அன்று முதல் எங்கள் வீட்டில் வானம் இருட்டினால் ஒருத்தி சிரிப்பாள், ஒருத்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

ஒரே ஒரு சம்பா

மாமனார் கண்ணை மூடுவதற்கு முன் அந்த மூன்று ஏக்கரில் ஒன்றை மகள் பேருக்கும் இரண்டை மகன் ஏழுமலை பேருக்கும் எழுதி வைத்தார். எழுதி வைத்த நேரத்தில் அது வயல்தான். பிறகு வருஷத்துக்கு வருஷம் விளைச்சல் சுருங்கி, கடைசியில் வேலிக்காத்தான் முள்ளும் உப்பு மண்ணில் முளைக்கிற உமரிச் செடியும்தான் மிச்சம். மழை பெய்தால் வழுக்கும், காய்ந்தால் வெடிக்கும். ஆடு கூட அந்தப் பக்கம் திரும்பாது.

அப்போதுதான் இறால் குட்டை போடுகிறவர் ஒருவர் வந்தார். அவருக்கு மூன்று ஏக்கரும் ஒரே துண்டாக வேண்டும். ஏழுமலை உடனே தலையாட்டிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. மூன்று தடவை விதைத்து மூன்று தடவையும் கருகிப் பார்த்தவன்.

“அக்கா, செத்துப்போன மண்ண வச்சிக்கிட்டு இன்னா பண்ணப் போற?” என்று எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

“செத்துப்போச்சுன்னு நீ எப்படிடா சொல்ற? நாடி புடிச்சிப் பார்த்தியா?”

“மாமாவக் கேளு. அவரே சொல்லட்டும்.”

நான் உடனே தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். மச்சானுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்காராமல் இருப்பது முப்பது வருஷத்தில் நான் கற்ற ஒரே வித்தை.

உள்ளே நின்ற எனக்கும் அஞ்சலாட்சியின் குரல் கேட்டது. “என் பேர்ல இருக்குற மண்ணு அது ஒண்ணுதான்டா. அப்பா பொண்ணுக்குன்னு எழுதினாரு. ஊரே சிரிச்சுது, பொண்ணுக்கு எதுக்குன்னு. அத ஒருதரம் கூட விளைய வச்சிப் பார்க்காம குட்டைக்குக் குடுக்க மாட்டேன். குட்டை போட்டா அப்புறம் அது நெலமே இல்ல. ஒரே ஒரு சம்பா குடு. தை பொறக்கும்போது கதிர் இல்லைன்னா நீ சொல்ற எடத்துல கையெழுத்துப் போடுறேன்.”

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டான். “சரி, தை வரைக்கும். அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்று எழுந்தான்.

வாட்ஸ்அப்பில் கிடைத்த பாராட்டு

இது பேசி ஒரு வாரத்தில் தாம்பரத்தில் எங்கள் மகளுக்குப் பிரசவம். அஞ்சலாட்சி மூன்று மாதத்துக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும்போது படியில் நின்றபடியே சொன்னாள்: “முள்ள வெட்டி வரப்ப மட்டும் கட்டி வையுங்க. வேற எதுவும் பண்ணாதீங்க. கேக்குதா? வேற எதுவும்.”

கேட்டது. ஆனால் நான் என்ன நினைத்தேன் என்றால், பாவம், பேரப்பிள்ளையைத் தூக்கிக் களைத்து வருவாள், வந்ததும் நாற்று நடுகிற மாதிரி நிலத்தைத் தயார் செய்து வைத்து அசத்திவிடலாம் என்று. மனைவியை அசத்த நினைத்த புருஷன்மார் கதை எதுவும் நல்லபடியாக முடிந்து நான் கேட்டதில்லை. ஆனாலும் நினைத்தேன்.

நிலம் தயார் செய்வதில் எனக்கு என்ன தெரியாது? எங்கள் அளத்தில் ஒரு பாத்தி எப்படி உருவாகும் என்று கேளுங்கள். முதலில் தரையைத் தண்ணீர் விட்டுப் பார்த்து மட்டம் பிடிக்க வேண்டும். பிறகு களிமண்ணைக் குழைத்துப் பரப்பி, ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதிக்க வேண்டும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே இறங்காதபடி தரை இறுகும் வரை மிதிக்க வேண்டும். அப்படி மிதித்த தரைதான் எங்கள் சொத்து. உப்பு அதற்குப் பிறகுதான்.

பச்சையம்மாவையும் அவள் கூட்டாளிகளையும் கூட்டி வந்தேன். பச்சையம்மா என் அளத்தில் இருபது வருஷமாக வேலை செய்கிறவள். மிதிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. வயலில் இறங்கி நாலு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள்.

“அண்ணே, இது நெல்லு வைக்கிற எடம்தானே?”

“ஆமா.”

“இத இப்படி மிதிச்சிட்டா வேரு எங்கண்ணே போவும்?”

“வேரு அது பாட்டுக்குப் போவும். மிதிக்காம வுட்டா தண்ணி நிக்காது. தண்ணி நிக்காம நெல்லு எப்படி வரும்? நெல்லு வயல்ல தண்ணி நின்னு நீ பார்த்ததில்ல?”

“பார்த்திருக்கேன்” என்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே, “அக்கா ஊருக்குப் போயிருக்குது, அதான்” என்றாள்.

எட்டு நாள் மிதித்தார்கள். தரை அப்படி வந்தது! ஓரத்தில் குந்தி ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் மேடு பள்ளம் ஒரு நூல் கூடத் தெரியாது. போட்டோ எடுத்துத் தாம்பரத்துக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவள் குரல் பதிவு வந்தது. பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. “நல்லா இருக்குதுங்க... ஆனா இன்னா, தரை இப்படிப் பளபளன்னு இருக்குது?”

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு டீக்கடையில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினேன்.

அதோடு விட்டேனா? மண் பதமாகட்டும் என்று போர் தண்ணீர் விட்டேன். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வாய் கொப்பளித்தால் தொண்டைப் புண் ஆறும். அதை எவ்வளவு விட்டேன்? இரண்டு விரல் உயரம். ஏன் இரண்டு விரல்? அளத்தில் அதுதான் கணக்கு. அது காய்ந்ததும் மறுபடி இரண்டு விரல். அதுவும் காய்ந்ததும் மறுபடி.

கீழே இறங்காத தரை, மேலே மெல்லிசாக உப்புத் தண்ணீர், ஆனி ஆடி வெயில், காற்று. என் வம்சத்துக்கே தெரிந்த ஒரே வேலையை ஒரு தப்பும் இல்லாமல் செய்து முடித்திருந்தேன்.

முதல் தரம்

பத்து மணி பஸ்ஸில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. பையோடு நேராக வயலுக்கு வந்தாள். நான் முந்திக்கொண்டு ஏதாவது விளக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டினாள். மூடிக்கொண்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாள். நடுவில் நின்று குதிகாலால் இரண்டு தட்டு தட்டினாள். டக், டக் என்று சத்தம் வந்தது.

“இது இன்னாங்க, கல்யாண மண்டபமா?”

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். நன்றாகச் சப்புக்கொட்டினாள்.

“முதல் தரம்” என்றாள். “உங்க அப்பாவுக்குக் கூட இவ்ளோ வெள்ளையா வந்ததில்ல.”

திட்டியிருந்தால் தேவலை. வரப்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நானும் தைரியம் வந்து கூடச் சிரித்தேன். பார்த்தால், அவள் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“ஆடி போயிடுச்சு” என்றாள். “தைக்கு அஞ்சு மாசம்தான் இருக்குது.”

வயலா, கடலா

மறுநாளே மண்ணை எடுத்துப் போய்ப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னாள். எப்படி எடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். நாலைந்து இடத்தில் ஆங்கில ‘வி’ மாதிரிக் குழி வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி, எல்லாவற்றையும் கலந்து, அரைக் கிலோ. எல்லாம் சரியாகச் செய்தேன். போட்டுக்கொடுத்த பைதான் தப்பு. உப்பளக்காரன் வீட்டில் வேறென்ன பை இருக்கும்?

இரண்டு நாள் கழித்துப் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன். “சார், நீங்க குடுத்தது வயல் மண்ணா, கடல் மண்ணா?”

“வயல்தாம்மா.”

“பையக் கழுவுனீங்களா?”

பக்கத்தில் இருந்த அஞ்சலாட்சி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த விஷயத்தில் என் பேச்சு வார்த்தை எல்லாம் அவள் வழியாகத்தான்.

இரண்டாவது பையில் முடிவு அவ்வளவு பயங்கரமாக இல்லை. ஆனாலும் மோசம்தான். வேளாண் அலுவலகத்திலிருந்து ஒரு சின்னப் பெண் ஸ்கூட்டியில் வந்தாள். என் மகளைவிட இரண்டு வயது சிறியவளாக இருப்பாள். வயலைச் சுற்றி நடந்தாள். என் பளபளத் தரையைச் செருப்பு நுனியால் கீறிப் பார்த்தாள். சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டை நான் என்றும் மறக்க மாட்டேன். நல்ல வளர்ப்பு.

“இங்க மண்ணு கெட்டுப்போவலம்மா” என்று அஞ்சலாட்சியிடம் சொன்னாள். “உப்பு உள்ள வர வழி இருக்குது. வெளிய போவ வழி இல்ல. அவ்ளோதான்.”

“இன்னா பண்ணணும்?”

“இந்தத் தரைய உடைங்க. ஜிப்சம் போடுங்க. தக்கைப்பூண்டு விதைச்சி, பூ வர்ற நேரத்துல மடக்கி உழுதுடுங்க, மக்கி உரமாயிடும். ஆனா இதெல்லாம் அப்புறம். முதல்ல மழைத் தண்ணியக் கட்டி நிறுத்தணும். அது உப்பக் கரைச்சிக்கிட்டுக் கீழ இறங்கும். அத ஆழமான வாய்க்கால்ல வடிச்சி வெளியே அனுப்பணும். திரும்பக் கட்டணும், திரும்ப வடிக்கணும். காய மட்டும் வுடக் கூடாது. காஞ்சா, கீழ போன உப்பு மேல ஏறி வந்துடும்.”

அதாவது, நான் செய்த எல்லாவற்றுக்கும் நேர் எதிர்.

“வடிகால் எந்தப் பக்கம் போவணும்?” என்றாள் அஞ்சலாட்சி.

அந்தப் பெண் கிழக்கே கையை நீட்டினாள். “அந்த ஓடைக்குத்தான். அதுதான் பள்ளம். ஓடை கால்வாய்க்குப் போவுது. நடுவுல இருக்குற அந்த மூணு பாத்தி யாரோடது? அதுலேர்ந்துதான் உங்க வயலுக்கு உப்பே ஊறுது. அவங்க வுடுவாங்களா?”

அஞ்சலாட்சி ஓடையைப் பார்த்தாள். நான் என் கால் விரலைப் பார்த்தேன்.

அப்பா மிதித்த தரை

அந்த மூன்றும் எங்கள் அளத்திலேயே பழைய பாத்திகள். என் அப்பா நின்று மிதித்தவை. தரை அப்படி இறுகி, உப்பு அடியில் மண் ஒட்டாமல் வெள்ளையாக வரும். வாங்க வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன். நடுவே இடுப்பளவு ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினால் அவை மூன்றும் பாத்தியே இல்லை. மறுபடி மிதித்துக் கொண்டுவர என் ஆயுள் போதாது.

அஞ்சலாட்சி கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். கேட்டிருந்தால் நாலு காரணம் தயாராக வைத்திருந்தேன். இரண்டு நாள் பார்த்தேன். குழம்பு வைத்தாள், மகளோடு போனில் பேசினாள், எனக்கு முதுகில் தைலம் தேய்த்துவிட்டாள். வயலைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏழுமலைக்குப் போன் போட்டு, “அந்தக் குட்டைக்காரரு நல்ல மனுஷனா?” என்று மட்டும் ஒரு தடவை விசாரித்தாள்.

மூன்றாம் நாள் காலை கடப்பாரையை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். ஜேசிபி இறங்கினால் அந்தச் சேற்றில் அதைத் தூக்க இன்னொரு ஜேசிபி வேண்டும். கையால்தான் வெட்ட வேண்டும். பச்சையம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“உங்க அப்பா இருந்திருந்தா அந்தக் கடப்பாரையாலயே உங்க மண்டையில போட்டிருப்பாரு.”

“தெரியும்.”

“யோசிச்சிக்கிங்க அண்ணே. இது வுட்டா வராது.”

“யோசிச்சா வெட்ட மாட்டேன் பச்சையம்மா. அதான் யோசிக்கல.”

முதல் குத்து குத்தினேன். கடப்பாரை டங்கென்று எகிறி, என் தோள்பட்டை வரை அதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மனிதர் என்னமாய் மிதித்திருக்கிறார்! வலியிலும் பெருமை வந்து தொலைத்தது. ஆறாவதோ ஏழாவதோ குத்தில் தரை பிளந்து, கீழிருந்து கருப்புச் சேற்று வாடை குப்பென்று வந்தது.

பச்சையம்மா போய் மம்பட்டியை எடுத்து வந்தாள்.

பதினோரு நாள் வெட்டினோம். வாய்க்கால் ஓடையில் சேருகிற இடத்தில் பலகைக் கதவு வைத்தது மட்டும் என் யோசனை. கடல் ஏற்றத்தில் கால்வாய்த் தண்ணீர் ஏறும்போது அடைக்க வேண்டும், இறங்கும்போது திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடைத் தண்ணீர் திரும்பி வயலுக்கே வந்துவிடும். எந்த நாள் எந்த நேரம் ஏறும், இறங்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஸ்கூட்டிப் பெண் தலையாட்டி, “நல்ல ஐடியா சார்” என்றாள். அதற்குப் பிறகு நான் ஒரு வாரம் நடந்த நடையே வேறு.

வயலை உடைக்க வந்த டிராக்டர்க்காரர் மட்டும் கலப்பையின் வளைந்துபோன கொழுவைத் தூக்கிக் காட்டி, “சார், ரோடு ஒடைக்கணும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?” என்றார்.

குவியலை மறந்த மத்தியானம்

ஆவணி, புரட்டாசியில் அங்கங்கே பெய்கிற மழை அந்த வருஷம் எங்கள் பக்கமும் வந்தது. ஒரு மத்தியானம் மேற்கே கருத்து, பத்து நிமிஷத்தில் கொட்ட ஆரம்பித்தது. நான் வீட்டிலிருந்து ஓடினேன். எங்கே? கதவுப் பலகைக்கு. தண்ணீர் இறங்கும் நேரம், திறக்க வேண்டுமே!

வயலில் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த தண்ணீர் வாய்க்காலில் விழுந்து பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. கையில் ஏந்தி நாக்கில் வைத்தேன். கரிப்பு! அப்படி ஒரு கரிப்பு. அத்தனை வருஷமாக மண்ணுக்குள் இருந்தது வெளியே போகிறது. மழையில் நனைந்துகொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, “அஞ்சலாட்சி! கரிக்குதுடி! நல்லாக் கரிக்குது!” என்று கத்தினேன்.

வயல் வரப்பிலிருந்து பதில் குரல் வந்தது. “இன்னும் குடிச்சிப் பாருங்க!”

அப்போது அளத்துப் பக்கமிருந்து பச்சையம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். “அண்ணே! கடைசிக் குவியல் தொறந்து கெடக்குது! கரைஞ்சி ஓடுது! நீங்க இங்க இன்னா கூத்து பண்றீங்க?”

மறந்தேவிட்டேன். என் வாழ்க்கையில் மழை வந்து குவியலை மறந்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் வாய்க்கால் தண்ணீரைச் சுவைத்து அறிக்கை கொடுப்பது என் வேலை. “போன தரத்துக்குக் கொஞ்சம் கம்மி.” “இன்னிக்கு ரசம் மாதிரி இருக்குது.” ஸ்கூட்டிப் பெண் மீட்டர் கொண்டு வந்து அளந்தாள். என் நாக்கும் மீட்டரும் பெரும்பாலும் ஒத்துப்போயின.

விதைத்த தக்கைப்பூண்டு மார்பளவு வளர்ந்து மஞ்சளாகப் பூத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தண்ணீர் காட்டிய ஒன்று பச்சையாக நின்றது. அன்றைக்குப் பார்த்து அஞ்சலாட்சி, “நாளைக்கு மடக்கி உழுதுடலாம்” என்றாள்.

“பாவம்டி, பூத்திருக்குது.”

“பூத்ததாலதான் உழுவணும். அழுவணும்னா ஓரமா போயி அழுங்க.”

உழுதோம். அது மக்கிய பிறகு மண்ணைக் கையில் எடுத்தால் முன்பு மாதிரி பிசினாக ஒட்டவில்லை. உதிர்ந்தது. அஞ்சலாட்சி அதை முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டினாள். ஈரக் கோணி மாதிரி ஒரு வாடை. எனக்கு ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, “ஆஹா” என்றேன்.

ஐப்பசிக் கடைசியில், உப்புத் தாங்குகிற நெல்லாகப் பார்த்து நட்டோம். நடும்போது பாதி வரிசை கோணலாக இருந்தது. எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

ஏழுமலைக்கு வந்த போன்

மார்கழி முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஏழுமலை வந்தான். அவனை வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பேசினபடி வந்துவிட்டான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அளத்தை ஒட்டிய இரண்டு மூலையிலும் பயிர் பிழைக்கவில்லை. பாய் விரிக்கிற அளவுக்குச் சொட்டை. இன்னும் சில இடத்தில் நுனி கருகி மஞ்சள் தட்டியிருந்தது. மற்ற இடத்தில் எல்லாம் கதிர் வந்திருந்தது. பிரம்மதேசத்து நல்ல வயலோடு வைத்துப் பார்த்தால் பிள்ளைக்கு வயதுக்குத் தக்க சதை இல்லை என்றுதான் சொல்வீர்கள். ஆனால் பால் பிடித்த கதிர். பொய்யில்லை.

ஏழுமலை வரப்பில் ஒரு சுற்று வந்தான். சொட்டை மூலையில் ரொம்ப நேரம் நின்றான். அஞ்சலாட்சி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்தில் அவள் அப்படிப் பயந்து நான் பார்த்தது என் இருதயப் பரிசோதனையன்று மட்டும்தான்.

அவன் உள்ளே இறங்கி ஒரு கதிரைப் பிடித்தான். நகத்தால் ஒரு நெல்லை நசுக்கினான். பால் வந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தான்.

“ஆங், சொல்லுங்க சார்... ஆமா, எடத்துலதான் இருக்கேன்... இல்ல சார்... அக்கா தர மாட்டாங்க.” கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டான். “கதிர் வந்துடுச்சு சார். நானே நசுக்கிப் பார்த்துட்டேன், பால் வருது... என்னோடது மட்டும் போதாது, மூணும் ஒரே துண்டா வேணும்னு நீங்கதானே சொன்னீங்க. வேற எடம் பார்த்துக்குங்க சார். வச்சிடுறேன்.”

போனைச் சட்டைப்பையில் போட்டான். அஞ்சலாட்சி சுற்றிய தலைப்பை விட்டாள்.

“ஏன்டா, உன் ரெண்டு ஏக்கரு?” என்றாள்.

அவன் என் பக்கம் திரும்பினான். அவனை அவ்வளவு மரியாதையாக நான் பார்த்ததே இல்லை.

“மாமா, அந்த வாய்க்கால என் வயல் வரைக்கும் இழுக்க முடியுங்களா?”

“இழுக்கலாம் மச்சான்” என்றேன். பிறகுதான் எந்த வழியாக இழுக்க வேண்டும் என்று கண்ணால் அளந்தேன். “ஆனா, இன்னும் ரெண்டு பாத்தி போவும்.”

ஏழுமலை தயங்கினான். அஞ்சலாட்சி தயங்கவில்லை. பக்கத்திலிருந்த கதிரைத் தடவியபடி, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

“அகலமா வெட்டுடா. மூணா எடுத்துக்கோ. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.